சாமியாரின் முடியை வெட்டியது நான்தான்

அக்கா,

நேற்றுக் கந்தோரில் உங்கள் கதிரைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளை என் தோளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மிஸ், உங்கட அபாயா முழுக்கப் பஞ்சு" என்றாள். குனிந்து பார்த்தேன். கறுப்புத் துணியில் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் நீள நீளமான வெள்ளை முடிகள். வீட்டிலிருந்து புறப்படும்போது ஈரக் கையால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் காற்று அடித்ததில் எங்கேயோ ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அது பஞ்சில்லை, சாமியார்" என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பீர்கள்: "கறுப்பு அபாயாவும் வெள்ளை முசலும் ஒரு வீட்டில இருக்க ஏலாது. ஒண்டில் உம்மட உடுப்பை மாத்தும், இல்லாட்டி என்ர சாமியாருக்குச் சாயம் அடியும்." எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சிரிப்பீர்கள். நான் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி எடுத்தேன். குப்பைக் கூடையில் போட மனம் வரவில்லை, மேசை லாச்சியில் வைத்தேன்.

இன்று சனிக்கிழமை. நாளை உங்களுக்கு ஆண்டுத் திவசம். உங்கள் தங்கை தம்பலகாமத்திலிருந்து வந்து உவர்மலை வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறா. அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருக்கிறேன். நேராக விஷயத்துக்கு வர எனக்கு எப்போதும் தெரியாது, அது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

சாமியார் உங்களிடம் வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நுவரெலியாவில் வேலை பார்த்த உங்கள் தங்கையின் மகன் ஒரு விடுமுறைக்கு வரும்போது காட்போட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அங்கோரா முயல் என்று சொன்னார். குளிர் நாட்டுச் சாமான். திருகோணமலை வெயிலில் நாங்கள் உள்ளாடையே பாரமென்று இருக்கிறோம், இது நாலு விரல் நீளத்துக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து இறங்கியது. கண்ணும் தெரியவில்லை, காதும் தெரியவில்லை. விறாந்தை மூலையில் போய் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டாலும் திரும்பவில்லை, கீரையைக் காட்டினாலும் அசையவில்லை.

"இவர் தவத்தில இருக்கிறார்" என்றீர்கள். அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று. பிறகு மிருக வைத்தியர் தூக்கிப் பார்த்துவிட்டு இது பெண் என்றபோதும் நீங்கள் அசையவில்லை. "சாமியாருக்கு ஆணென்ன பெண்ணென்ன? பேர் மாத்த ஏலாது டொக்டர், அயலெல்லாம் சொல்லியாச்சு" என்றீர்கள். அதனால்தான் நாங்கள் எல்லோரும் இன்றைக்கும் அவரை "அவர்" என்கிறோம். இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் மாதமே அவரை நீங்கள் கொல்லப் பார்த்தீர்கள். கோபிக்க வேண்டாம், உண்மை அதுதான். வெள்ளிக்கிழமை காலையில் தலைமுழுகாமல் உங்கள் வீட்டில் ஒருவரும் தேத்தண்ணி குடிப்பதில்லை. சாமியாரும் வீட்டு ஆள்தானே என்று அவருக்கும் சீயாக்காய் கரைத்து, கிணற்றடியில் வைத்து இரண்டு வாளி வார்த்திருக்கிறீர்கள். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஃபோன் வந்தது. "தங்கச்சி, உவர்மலைக்கு ஓடி வாரும். சாமியார் செத்துப்போனார்." நான் இறங்கி ஓட்டோ பிடித்து வந்தால், உங்கள் மடியில் துவாய்க்குள் ஏதோ நனைந்த துணிக் கந்தல் மாதிரி கிடக்கிறார். கண் மட்டும் திறந்திருக்கிறது. உடம்பு நடுங்கக்கூட இல்லை.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் லீவு எடுத்தோம். இருபது வருடச் சேவையில் அது ஒன்றுதான். நான் துடைக்க, நீங்கள் மின்விசிறிக்கு நேரே பிடிக்க, துவாய் மாறி மாறி மத்தியானமாயிற்று. உயிர் திரும்பி வந்தது. ஆனால் முடி முழுவதும் சுருண்டு இறுகித் தும்பாகிவிட்டது. வைத்தியர் பார்த்துவிட்டு, "அம்மா, முசலுக்குத் தலைமுழுக்கு வார்த்த ஆளை என்ர சேர்விசில இப்பதான் காண்றன்" என்றார். முயலின் முடிக்குத் தண்ணீர் கூடாது, சீப்பு மட்டும்தான் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும் என்றும், அது தன்னைத் தானே நக்கி விழுங்கும் முடி வயிற்றில் சேர்ந்தால் வாந்தியெடுத்து வெளியே தள்ள அதனால் ஏலாது என்றும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இதை மறக்க வேண்டாம் அக்கா. பின்னால் இதுதான் வரப்போகிறது.

அந்தத் தும்பை அவிழ்க்க எங்களுக்கு நாலு சனிக்கிழமை பிடித்தது. அப்படித்தான் சனிக்கிழமை வழக்கம் வந்தது. நீங்கள் விறாந்தைக் கதிரையில் மடியில் துவாயை விரித்து அவரை மல்லாத்தி வைத்துக்கொள்வீர்கள். நான் கீழே பலகையில் இருந்து பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிப்பேன். பயந்து உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளுமாம், அதனால் என் வேலை பிடிப்பது மட்டும். கோன்ஃபிளவர் மாவைத் தூவினால் முடிச்சு வழுக்கிக்கொண்டு பிரியும் என்பது நான் கண்டுபிடித்தது. நுனியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நீங்கள் உங்கள் தலையிலிருந்து கொண்டுவந்தது. "அடியில இருந்து இழுத்தா அது சீப்பில்லை, தண்டனை" என்பீர்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சொல்வீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தது. கந்தோர் முழுவதற்கும் அந்தப் பின்னல் தெரியும். புதிதாக வரும் அதிகாரிகள் பெயரைக் கேட்கும் முன்பே அதைத்தான் பார்ப்பார்கள்.

கீழே துறைமுகத்தில் கப்பல்கள் நிற்கும். காற்றில் முடி பறந்து என் வாய்க்குள் வரும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு முயலின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். நேருக்கு நேர் இருந்து கதைக்க ஏலாத கதையெல்லாம் அப்படி இருந்தால் தானாக வரும். கட்டாருக்குப் போன என் மகன் மூன்று வருடமாக என்னோடு மட்டும் கதைப்பதில்லை என்று நான் சொன்னது அங்கேதான். பெண்பார்க்க வந்தவரை வேண்டாமென்று சொன்னது வீட்டு ஆட்கள் இல்லை, நீங்கள்தான் என்று நீங்கள் சொன்னதும் அங்கேதான்.

அந்தக் கட்டியைப் பற்றிச் சொன்னதும் அங்கேதான். சாமியாரின் முன்னங்காலுக்குக் கீழே விரலை விட்டு முடிச்சுத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அதே கையை எடுத்து உங்கள் அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "எனக்கும் இஞ்ச ஒண்டு இருக்கு தங்கச்சி. நோகுதில்லை" என்றீர்கள். பிறகு திரும்பவும் சீப்பை எடுத்து வாரத் தொடங்கினீர்கள். நான் அவரின் கால்களை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, அவர் உதறினார்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு உங்கள் முடி கொட்டத் தொடங்கியது. நீங்கள் அழவில்லை. பின்னலாகவே வெட்டி எடுத்து ஒரு கடதாசிப் பைக்குள் வைத்துவிட்டு, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றீர்கள். "பாரும், இப்ப நானும் உங்கட ஆள்" என்றீர்கள். நான் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பிப் போகும்போது பாலம் வரைக்கும் அழுதேன். இதையும் அப்போது உங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் நீங்கள் அந்த வேலையைச் செய்தீர்கள். சாமியாருக்கு முடி வெட்டும் தவணை. நான் கத்தரிக்கோலை எடுத்து வைத்தேன். நீங்கள் அதை எடுத்துத் துணியில் சுற்றித் திரும்ப என் கையில் தந்தீர்கள்.

"வேண்டாம். நேர்த்தி வைச்சிருக்கிறன்."

"ஆருக்கு?"

"அம்மனுக்கு. சுகமாகி வந்தா முடி தாறனெண்டு சொல்ல என்ர தலையில இனி என்ன கிடக்கு? அதுதான் இவற்ற முடியைச் சொல்லிட்டன். சுகமாகி வந்து நான்தான் வெட்டுவன். அதுவரைக்கும் கத்தரி படக் கூடாது."

நான் பகிடி என்று நினைத்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். சனிக்கிழமைகளில் நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லையே, அதனால்தான் பகிடி இல்லை என்று எனக்கு விளங்கியது. "உங்கட ஆக்களிட்டையும் நேர்ச்சை எண்டு இருக்குத்தானே. கடன் கடன்தான்" என்றீர்கள். ஓம் என்றேன். எங்களுக்கும் அது பாரமான சாமான். வைத்துவிட்டு முறிக்கக் கூடாது.

பிறகு நீங்கள் தங்கையோடு கொழும்புக்குப் போனீர்கள். மிச்ச மருந்துக்கும் கதிர்ச் சிகிச்சைக்குமாக இரண்டு மாதம். தங்கை வீட்டில் நாய் இருப்பதால் சாமியார் கிண்ணியாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். புறப்படும்போது சீப்பைத் தந்து, "சாப்பாட்டை விட இதுதான் முக்கியம்" என்றீர்கள். என் கையைப் பிடித்து இன்னொரு தடவை, "கத்தரி மட்டும் வேண்டாம்" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

கச்சான் காற்றுத் தொடங்கியது. உங்களுக்குத் தெரியாததா? அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல வரும், மண்ணையும் கொண்டுவரும். நான் போத்தலில் தண்ணீரை உறையவைத்துத் துணியில் சுற்றி அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈரக் கையால் காதைத் துடைத்தேன். காலையிலும் பின்னேரமும் வாரினேன். வெட்டாமல் விட்ட முடி வார வார வளர்ந்துகொண்டே போனது. வயிற்றுப் பக்கம் முடிச்சு விழ, அவர் அதைத் தானே இழுத்து நக்கினார். ஒரு நாள் கூட்டைக் கூட்டும்போது பார்த்தேன், புழுக்கைகள் எல்லாம் முடியில் கோர்த்து மணி மணியாகத் தொங்கின. அடுத்த நாள் அதுவும் இல்லை. கங்குன் கீரையை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லை நறநறவென்று கடித்தார்.

இங்கே ஆஸ்பத்திரியில் இருந்த மிருக வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கல்லு மாதிரி இருக்கிறது, மருந்து தரலாம், ஆனால் முடி முழுவதையும் இன்றைக்கே வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கிக்கொண்டே இருக்கும் என்றார்.

"ஏலாது டொக்டர். அது நேர்த்தி முடி."

"ஆருக்கு நேர்த்தி?"

"அம்மனுக்கு."

அவர் என் முக்காட்டைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். "நீங்களா வெச்ச?"

"இல்லை. என்ட அக்கா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "முடியும் உசிரும் ரெண்டும் நாளைக்கு இரிக்காது. எது வேணுமெண்டு நீங்களே யோசிச்சிக்கங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து வாசலில் கூடையோடு நிற்கும்போது ஃபோன் அடித்தது. நீங்கள்தான். குரல் கம்மியிருந்தது. "சாமியார் எப்பிடி?" என்றீர்கள். முதல் கேள்வியே அதுதான். உங்களைப் பற்றி நான் கேட்கும் முன்பே.

"நல்லாச் சாப்பிடுறார் அக்கா."

"முடி?"

"அப்பிடியே இரிக்கி."

முடியைப் பற்றிய முதல் பொய் அதுதான். அந்த நேரம் அது உண்மையாகத்தான் இருந்தது, இன்னும் வெட்டவில்லையே. ஆனால் வெட்டப்போகிறேன் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

பின் விறாந்தையில் என் மனிசன் பிடிக்க நான் வெட்டினேன். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது. உங்கள் அம்மனிடம் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியாது, அதனால் உங்களிடமே வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மிச்சத்தை வெட்டினேன். தோல் அப்பளம் மாதிரி மெல்லியது, இரண்டு இடத்தில் கீறிவிட்டேன். முகத்திலும் காதிலும் மட்டும் விட்டுவிட்டேன். முடிந்தபோது கையில் ஒரு அணில் அளவு உடம்புதான் மிஞ்சியது. "பாவம், உள்ளுக்கு இவ்வளவுதான் இருந்திரிக்கி" என்றார் மனிசன். முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி அலுமாரிக்குள் வைத்தேன்.

மூன்று நாள் சிரிஞ்சில் பப்பாசிக் கூழ் கொடுத்தோம், வயிற்றைத் தடவிவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கூட்டின் மூலையில் நாலு புழுக்கை. தனித்தனியாக, கோர்க்காமல். ஒரு மனுசி முயல் புழுக்கையைப் பார்த்து இப்படி அழுததை ஊர் கண்டிருந்தால் சிரித்திருக்கும்.

அவர் பிழைத்தார். எனக்குத்தான் வருத்தம் பிடித்தது. நீங்கள் உங்கள் உயிரை அந்த முடியில் கட்டிவைத்துவிட்டுப் போனீர்கள், நான் அதை வெட்டிவிட்டேன். எங்கள் மார்க்கத்தில் சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். நான் பத்துச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தேன். நான் வைக்காத நேர்த்திக்கு, என்னுடையதல்லாத கோயிலுக்கு, எங்கள் முறையில் பரிகாரம். செல்லுமோ செல்லாதோ, ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேள்விப்பட்டால் நீங்கள் மனம் விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன், அது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மனுக்கு வைத்த முடியை ஒரு முஸ்லிம் வெட்டிவிட்டாள் என்று உங்கள் தங்கை நினைப்பாவோ என்றும் பயந்தேன். இந்த ஊரில் நாங்கள் கண்ட வருடங்கள் அப்படி. உங்களிடம் இருபது வருடம் சோறு வாங்கிச் சாப்பிட்ட பிறகும் அந்தப் பயம் எங்கேயோ இருந்திருக்கிறது.

பிறகு நீங்கள் வீடியோவில் கேட்கத் தொடங்கினீர்கள். "சாமியாரைக் காட்டும்." நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைப் பனையோலைக் கூடைக்குள் வைத்து, தலையணை உறையை அவிழ்த்து அவரின் முடியையே எடுத்து அவரைச் சுற்றி அடைத்தேன். முகம் மட்டும் வெளியே. பார்த்தால் முன்பைவிடப் பெரிய சாமியார். அந்தப் பக்கம் நீங்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் நான் முக்காடு போட்டுக்கொண்டு, நடுவில் அவர் தன் முடியைத் தானே போர்த்திக்கொண்டு. மூன்று பேரும் மறைத்துக்கொண்டுதான் கதைத்தோம்.

"நல்லாக் கொழுத்திட்டார் என்ன?" என்றீர்கள். அந்த நேரம் பார்த்து மனிசன் வந்து மின்விசிறியைப் போட்டார். ஒரு கொத்து முடி எழும்பிப் பறந்து என் மூக்கில் ஒட்டியது. நான் தும்மினேன். நீங்கள் சிரித்தீர்கள். இருமல் வரும்வரைக்கும் சிரித்தீர்கள், தங்கை வந்து ஃபோனை வாங்கி வைக்கும்வரைக்கும். அந்தச் சிரிப்பைப் பற்றி இந்த ஒரு வருடமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி முதல் கிழமையில் உங்களை உவர்மலைக்குக் கொண்டுவந்தார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள் என்று உங்கள் தங்கை வாசலில் வைத்துச் சொன்னா. நான் அடுத்த நாளே வந்தேன், வெறுங்கையோடு. நீங்கள் என் கையைத்தான் முதலில் பார்த்தீர்கள்.

"அவர் எங்க?"

"கச்சான் அடிக்குது அக்கா. பஸ்ஸில கொண்டாந்தா வெக்கை தாங்கமாட்டார்."

அது ஒன்று. அடுத்த தடவை, வயிறு சரியில்லை என்றேன். அதற்கடுத்த தடவை, வீட்டில் விருந்தாட்கள் என்றேன். அதற்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கவில்லை. முடி அப்போது ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. இன்னும் இரண்டு கிழமை போனால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று கணக்குப் போட்டேன். முடி வளர்வதைத்தான் பார்த்தேன் அக்கா. நீங்கள் குறைந்துகொண்டு போவதைப் பார்க்கவில்லை. பார்த்தேன், பார்க்காததுபோல இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய குரல் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. "தங்கச்சி, சாமியாரை ஒருக்காக் கொண்டுவாரும். சீப்பு வேண்டாம், ஒண்டும் வேண்டாம். மடியில வைச்சாப் போதும்."

நான் எழுதி அனுப்பினேன்: "ஞாயிற்றுக்கிழமை கொண்டாறன் அக்கா."

நீங்கள் வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டீர்கள்.

முடி வெட்டியதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைத் திரும்பவும் செய்வேன், அவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். கேட்பது மற்றதற்கு. அரை மணித்தியாலப் பஸ் தூரத்தில் அவரை வைத்துக்கொண்டு, என் பொய் பிடிபடும் என்று பயந்து, உங்கள் மடியைக் காலியாக விட்டேன். அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அன்று உங்கள் தங்கை ஒரு கடதாசிப் பையை என் கையில் தந்தா. உள்ளே ஒரு கத்தரிக்கோல். நுனி கூர் இல்லாமல் உருண்டையாக, குழந்தைகளுக்கு நகம் வெட்டுவதுபோல. "அக்கா கொழும்பில ஆஸ்பத்திரிக்கு முன்னால கடையில வாங்கினவ. சாமியாருக்கெண்டு சொன்னவ. உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ" என்றா.

"எப்ப வாங்கினவங்க?"

"வாறதுக்கு முதல் கிழமை. ஏனெண்டு நான் கேக்கேல்லை."

சுகமாகி வந்து உங்கள் கையால் வெட்டி அம்மனுக்கு வைக்கலாம் என்று கடைசிவரை நம்பி வாங்கினீர்களா? இல்லாவிட்டால் அந்த மின்விசிறி நாளிலேயே எல்லாம் விளங்கி, 'சரி, வெட்டுறதெண்டா தோலைக் கீறாமல் வெட்டும்' என்று எனக்குச் சொல்ல வாங்கினீர்களா? ஒரு கிழமை இது சரி என்று தோன்றும், அடுத்த கிழமை அது. எது சரியாக இருந்தாலும், நான் அவரைக் கொண்டு வரவில்லை என்பது மட்டும் மாறவில்லை.

அதன்பிறகு நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனிசன்தான் அவரை வைத்தியரிடம் கொண்டுபோய் வெட்டுவித்துக்கொண்டு வருவார். வாருவது மட்டும் நான், நுனியிலிருந்து. இப்போது எதிரில் கால் பிடிக்க ஆளில்லாததால் அவரை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். கதையும் சொல்கிறேன். கட்டாரிலிருந்து மகன் பெருநாளுக்கு ஃபோன் எடுத்தான் என்று முதலில் சொன்னது அவரிடம்தான்.

இன்று காலை உங்கள் தங்கைக்கு ஃபோன் எடுத்தேன். திவசத்துக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்பதற்காக எடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வைத்தியர், பொய், தலையணை உறை, கூடை, எல்லாம். அந்தப் பக்கம் யாரோ தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டா:

"அந்த முடி இன்னும் இருக்கோ?"

"இரிக்கி. அப்படியே கட்டி வெச்சிரிக்கன். கோயிலுக்குக் கொண்டு போகணுமா?"

"கோயிலுக்கு ஏன்? அவ சுகமாகினாத்தானே நேர்த்தி. இனி அம்மனுக்கும் எங்களுக்கும் கணக்கில்லை." பிறகு, "அவவின்ர பின்னலும் இஞ்ச ஒரு பைக்குள்ள கிடக்கு. எறிய மனம் வரேல்லை. ரெண்டையும் ஒண்டா வைப்பம், கொண்டாங்கோ" என்றா. வைக்கும் முன், "சாமியாரையும்" என்றா.

அதனால் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பின் விறாந்தையில் இருந்தேன். உங்கள் கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுத்தேன். இந்த வருடக் கச்சானுக்கு அவருக்கு முடி வெட்டும் தவணைதான். சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்: "வெட்டுறன் அக்கா." உருண்டை நுனி தோலில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு இடத்திலும் கீறவில்லை. இந்தத் தடவை முகத்தையும் காதையும் விடவில்லை. எல்லாம் வழித்த பிறகு அவருக்குக் கண் இருப்பது தெரிந்தது. என்னைப் பார்த்தார், பிறகு கங்குனைப் பார்த்தார். பசியாக இருந்திருக்கும்.

இப்போது காலடியில் கிடக்கிறார். இதை எழுதி முடித்ததும் கூடையைக் கழுவிக் காயவைக்க வேண்டும். அடைப்பதற்கு ஒன்றும் வைக்கப்போவதில்லை, அடியில் ஒரு துவாய் மட்டும். காலை முதல் பஸ்ஸில் வெக்கை ஏறும் முன்பே வந்துவிடலாம். உங்கள் கதிரை விறாந்தையில் அதே இடத்தில்தான் இருக்கிறதாம், தங்கை சொன்னா. அதில் அவரை வைப்பேன், இருக்கிற உருவத்தில்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கொண்டாறன் அக்கா.